லாரியின் பின்னால் எழுதியிருந்தது

தை மாதம், வியாழன் இரவு

நேற்று விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்று கரும்பு லாரிகளை எண்ணி வரச் சொன்னார் எகனாமிக்ஸ் சார். என்னோடு வந்த என் வகுப்புத் தோழி கவிதா ஒவ்வொரு லாரிக்கும் ஒரு கோடு போட்டாள். நான் எண்ணவே மறந்துவிட்டேன். லாரிகளின் பின்னால் எழுதியிருந்ததையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். தமிழையும் பொருளாதாரத்தையும் ஒரே டிகிரியில் படித்தால் இப்படித்தான்.

இன்று வகுப்பில் சார் கவிதாவிடம், "இருபது கோடு இருக்கு. இருபது லாரியா, இல்ல ஒரே லாரி திரும்பத் திரும்ப வந்துச்சா?" என்று கேட்டார். அவள் கோடுகளை மறுபடி எண்ணினாள். திட்டு விழும் என்று பயந்துகொண்டே என் நோட்டை நீட்டினேன். அதில் 'யாழினி - கவின்' மூன்று இடத்தில் இருந்தது. இன்னும் சில பெயர்களும் மறுபடி வந்திருந்தன. கணக்குப் பார்த்தால் பன்னிரண்டு லாரிதான். சார் சிரித்துவிட்டார்.

கவிதா சிரிக்கவில்லை. திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு உறுத்தியது. நோட்டை நீட்டாமல் இருந்திருக்கலாமோ? கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அதைப் பிடுங்கிப் படித்தாள்.

"நானும் இதே லாரியத்தான்டி பாத்துக்கினு இருந்தேன். ஒன்னுகூட படிக்கல."

அப்புறம் பஸ் முந்திய லாரிகளின் பின்னால் இருந்ததையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். நான் கோடு போட்டேன்.