மேட்டிங்குக்கு அடியில் இருந்தது

சந்திரிகாவுக்கு,

போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் பத்து நாளாக வாசலிலேயே நிற்கிறது. பிரேக் பிடித்தால் ஹாரன் அடிக்கிறது, இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடுகிறது. பேட்டரி, ஃபியூஸ் எல்லாம் மாற்றிப் பார்த்தேன். நேற்று வயரிங் பார்க்கிற உதயா வந்து, சீட்டைக் கழற்றி, தரையில் விரித்திருந்த மேட்டிங்கைத் தூக்கினார். அடியில் காய்ந்த சேறு. வயர்களில் பச்சைக் களிம்பு.

"வெள்ளத்துல முங்குன வண்டி சார். ஆத்தோரம் அனகாபுத்தூர்ல இருந்துகினு இந்த வாடை தெரியலையா?" என்றார்.

தெரிந்தவள் நீ. வாங்கப் போன அன்று கதவைத் திறந்ததுமே, "ஆத்துத் தண்ணி வந்தப்போ நம்ம பீரோ அடிச்ச வாடைங்க இது" என்றாய். விற்கிறவர் முன்னாலேயே, "உனக்கு என்ன தெரியும், வாயை மூடு" என்றேன். மறுநாள் நீ பெருங்களத்தூர் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

இதைவிடக் கேவலம், இன்று காலை உள்ளே செண்ட் அடித்து, அந்த வண்டியை இன்னொருத்தருக்கு விற்கக் காட்டினேன். அவர் மனைவி முகர்ந்து பார்த்து ஏதோ சொல்ல வந்தார். "நீ சும்மா இரு" என்றார் அவர். அப்படியே என் குரல். மேட்டிங்கை நானே தூக்கிக் காட்டி அனுப்பிவிட்டேன்.

இப்போது இரண்டு கதவையும் திறந்தே வைத்திருக்கிறேன். தெருவே முகம் சுளிக்கிறது. கேட்கிறவர்களிடமெல்லாம், நீ அன்றைக்கே சொன்னாய் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்