இவனை எனக்குத் தெரியும்

மார்ச் 4
குளியலறைக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது முயல் வந்தான். முன்பல்லைப் பார்த்துக் கம்பெனியில் வைத்த பெயர். கம்பெனி மூடிய பிறகு இன்றுதான் பார்க்கிறேன். படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களின் இல்லம் ஒன்றில் வேலை கேட்டிருக்கிறானாம். பழைய இடத்து ஆள் ஒருவர் ரெஃபரன்ஸ் தர வேண்டுமாம்.

"உங்க நம்பரைக் குடுத்துட்டேண்ணே. நல்லவன்னு ஒரு வார்த்தை போதும்."

கம்பெனி என்று பேருக்குத்தான்; பெயர்ப்பலகை இல்லாத கட்டடத்தில் ஆட்களைக் கட்டிவைத்துப் பேசவைத்தோம். நான் பிடிப்பேன், அவன் அடிப்பான். இதில் எந்த நல்லதைச் சொல்வது? சரி என்று தலையாட்டி வைத்தேன். அவனும் பிழைக்க வேண்டுமே.

மார்ச் 9
இல்லத்தின் தலைமை நர்ஸ் போன் செய்தாள். அவனைத் தெரியுமா என்றாள்.

"அப்படி யாரையும் தெரியாதுங்க. ராங் நம்பர்."

வைத்த பிறகுதான் உறைத்தது. யார் யாரைப் பற்றி விசாரித்தாலும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று கம்பெனியில் முதல் நாளே பழக்கியிருந்தார்கள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சே. நாளைக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 10
கூப்பிடவில்லை. அந்தக் கிழங்களைப் புரட்டிப் போடப்போவது அவன் கைகள்தானே.

மார்ச் 12
வந்துவிட்டான். கதவைத் திறந்ததும் வாயில் ஒரு குத்து. பல் தெறித்தது. என் இடது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். திறந்து, இன்னொரு முறை சாத்தினான். விரல்கள் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. தடுக்க ஓடிவந்த மனைவியைச் சுவரில் மோதவிட்டான், அவள் நெற்றி பிளந்துவிட்டது. நாய். அவ உன்னை என்னடா பண்ணா?

குரலை உயர்த்தவே இல்லை. "நர்ஸம்மா கையில கால்ல விழுந்து கேட்டிருக்கேன். நாளைக்கு மறுபடி கூப்பிடும். ஒழுங்கா சொல்லிடுங்கண்ணே."

வலது கையைத் தொடவில்லை. அது எங்கள் வழக்கம் — கடைசியில் கையெழுத்து வாங்க அந்தக் கை வேண்டும்.

மார்ச் 13
நர்ஸ் கூப்பிட்டாள். "அன்னைக்கு ராங் நம்பர்னீங்க. இருக்கட்டும். ஆளு பொறுமைசாலியா? கோவம் வருமா?"

"கோவமே வராது." சத்தியமான வார்த்தை.

"அப்படிப்பட்ட ஆளுதாங்க எங்களுக்கு வேணும்."

எதிரே மனைவி, நெற்றியில் கட்டோடு. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவமே இல்லாமத்தாம்மா அடிப்பான். கட்டிப்போட்ட ஆளைக்கூட. கூட நின்னு பிடிச்சவன் நான். நேத்து என் விரலையே ஒடிச்சுட்டான். உள்ள விடாதீங்க."

"சரிங்க," என்றாள். போனை வைத்ததும் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டேன். பயம்தான், வேறென்ன.

மார்ச் 21
அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், நான் அவர் மனைவி. முயலுக்கு வேலை கிடைக்கவில்லை. மறுபடி வந்தான், இந்த முறை வலது கையையும் விட்டுவைக்கவில்லை. அதையும் எழுதச் சொன்னார். இரண்டு கையும் மாவுக்கட்டில் இருப்பதால் போலீஸ் புகாரில் கால் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தோம். வாசகம் அவர் சொன்னதுதான். முதல் வரியே இப்படி: 'இவனை எனக்கு நன்றாகத் தெரியும்.'