ஏரிக்குள் ஒரு சைட்

தொம்மலூர்,
7-4-1996

அன்புத் தம்பி கிளெமென்டுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் சமைக்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம். மஸ்கட்டை விட்டுவிட்டு என் பின்தெருவிலேயே வீடு கட்டப் போகிறாயாமே. அத்தான் போனபிறகு இந்த வீட்டில் சண்டை போடக்கூட ஆளில்லை. புரோக்கர் கோவிந்தப்பா ஞாயிறு பூசை முடிந்ததும் நீ வாங்கிய மனையை, இங்கே சொல்கிற மாதிரி 'சைட்'டை, காட்டுகிறாராம். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உன் அக்கா,
யூனிஸ்

15-4-1996

தம்பி,

பார்த்தேன். நீ வாங்கியது ஏரிக்கரையில் இல்லையடா, ஏரிக்குள்ளேயே வாங்கியிருக்கிறாய். கோடையில் தண்ணீர் வற்றியதும் இடித்த வீட்டு மண்ணை லாரி லாரியாகக் கொட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு விற்றிருக்கிறார்கள். கோவிந்தப்பாவைக் கேட்டால், "தினமும் ரயில்ல வந்து இறங்குற ஜனம் எங்கம்மா போகும்?" என்கிறார்.

என் கிணறு போன வருஷமே வற்றிவிட்டது. ஏரியையும் மூடினால் மழைத்தண்ணீர் என் சமையலறைக்குத்தான் வரும். தெருக்காரர்கள் வழக்குப் போடுகிறார்கள், என் கையெழுத்தையும் கேட்கிறார்கள். ஜெயித்தால் உன் வீடு எழும்பாது. என்ன செய்யட்டும்?

யூனிஸ்

மஸ்கட்,
2-5-1996

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துப் போடாதே. அத்தான் வீடு கட்டியபோது அந்த இடமும் ராகி வயல்தான். அன்றைக்கு யாரும் உன்னைத் தடுக்கவில்லை. நான் ஒற்றை ஆள். நான் குடிக்கிற தண்ணீரிலா உன் ஊர் வற்றிவிடப் போகிறது? கடைசிக் காலத்தில் உன் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

கிளெமென்ட்

தொம்மலூர்,
14-5-1996

என் தங்கத் தம்பிக்கு,

நீ சொன்னது நியாயம், மறுக்க மாட்டேன். ஆனால் என் கிணற்றை வற்றடித்தவர்களும் ஒவ்வொருவராகத்தான் வந்தார்கள். அதில் நானும் ஒருத்தி. யாராவது ஓரிடத்தில் நிறுத்தத்தானே வேண்டும்?

கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். மாடி அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன், உனக்குத்தான். வர மனமில்லை என்றால் திட்டியாவது எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

யூனிஸ்

மஸ்கட்,
20-6-1996

அக்கா,

கோவிந்தப்பா அந்த சைட்டை வேறு யாருக்கோ விற்றுத் தருகிறேன் என்று எழுதியிருக்கிறார். முடியாது என்றுவிட்டேன். வாங்குகிறவன் கட்டிவிடுவான். என் பேரிலேயே கிடக்கட்டும், மழை பெய்தால் தண்ணீர் நிற்கட்டும்.

செப்டம்பரில் வருகிறேன். உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை, மாடியில் உட்கார்ந்து நிதானமாகத் தீர்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி,
கிளெமென்ட்