உங்கம்மாவுக்கு மீன் வாடை தெரியல

போடி
ஞாயித்துக்கிழமை

ஆத்தா அருணாவுக்கு அப்பா ஆசீர்வாதத்தோட எழுதுறது. நீயும் மாப்ளையும் மஸ்கட்ல நோய்நொடி இல்லாம இருக்கணும். இங்க எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல, மனசுதான் சரியில்ல. போன்ல சொல்லலாம்னா உங்கம்மா பக்கத்துலயே நிக்கிறா, அதான் லீவுக்கு வந்துட்டு மஸ்கட்டுக்குத் திரும்புற யோகராஜ் கிட்ட இதைக் குடுத்து விடுறேன்.

போன வாரம் உன் மாமனார் மாமியார் சிலமலையில இருந்து சாப்பிட வந்தாங்க. காலையில ஜிலேபி மீனு ரெண்டு கிலோ நான்தான் வாங்கியாந்தேன், விக்கிறவன் பேச்சை நம்பி செவுளைக்கூடத் தூக்கிப் பாக்கல, என் தப்புத்தான். எப்பவும் உங்கம்மா பையைப் பிரிச்சதும் மோந்து பாப்பா, சரியில்லன்னா என் மூஞ்சியில விட்டெறியாத குறைதான். அன்னிக்கு ஒண்ணும் சொல்லாம மஞ்சள் போட்டுக் கழுவினா. நான் அவுகளைக் கூட்டியாரப் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். திரும்பி வந்து வாசப்படி ஏறுறேன், குப்புனு கெட்ட வாடை. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள இலையைப் போட்டுக் குழம்பை ஊத்திட்டா, ஊத்திட்டு புளிப்பு சரியா இருக்கா மதினின்னு சிரிச்சுக்கிட்டே வேற கேக்குறா. உன் மாமியார் வயிறு சரியில்ல ரசம் போதும்னாங்க, மாமனார் மீனை ஓரமா ஒதுக்கி வச்சாரு. நான் தலையைக் குனிஞ்சவன் நிமிரவே இல்ல.

அவுக போனதும் கத்துனேன். அப்பத்தான் சொல்றா, காச்ச வந்து போனதுல இருந்து ரெண்டு மாசமா மூக்குல எந்த வாசமும் ஏறல, வேலைக்குப் போற எடத்துல ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவுல உக்காந்து காய் பொறுக்குறேன் கூழாங்கல்லு பொறுக்குற மாதிரி இருக்குன்னு. ஏன்டி சொல்லலன்னு கேட்டா, சொன்னா அடுப்படியை விட்டு எந்திரின்னுவீங்கன்னா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. கேஸ் கசிஞ்சா என்ன ஆகும், நீயே சொல்லு. உப்பு கூடுறதும் புளி முந்துறதும் எனக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு, நல்லாருக்கு நல்லாருக்குன்னு தின்னுட்டு எந்திரிச்சேன், இப்ப அவளைத் திட்டவா என்னையத் திட்டிக்கவா. தேனிக்குக் கூட்டிட்டுப் போனேன், டாக்டரு வாசம் திரும்ப மாசக்கணக்காகும், திரும்பாமயும் போகலாம்னாரு. அதோட சரி, மறுபடி வரமாட்டேன்னு உங்கம்மா ஒரே பிடிவாதம்.

நேத்து நானே மோந்து பாத்துக் கட்லா வாங்கியாந்தேன், குழம்பு வச்சா. கரண்டியில எடுத்து நீட்டி எப்படி இருக்குன்னா. நல்லாருக்குன்னேன். கரண்டியை டொக்குனு வச்சுட்டு, நல்லாருக்குன்னா எனக்கு என்ன விளங்கும், மல்லி பச்சை வாடை போச்சா வெந்தயம் கசக்குதா அதைச் சொல்லுங்கன்னு அழுதுட்டா. முப்பத்தஞ்சு வருசமா நல்லாருக்குன்னு மட்டுமே சொல்லித் தின்னவன் ஆத்தா நான். பெறகு இன்னொருக்கா நாக்குல வச்சு நிதானமா, உப்பு மட்டு, புளி மேல நிக்குது, மல்லி இன்னும் வேகலன்னேன். தேங்காயை அரைச்சு ஊத்தி இன்னொரு கொதி விட்டா. ரெண்டு பேரும் உக்காந்தோம். அவ ஒவ்வொரு வாயா வைக்க வைக்க நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், இப்பக் கறிவேப்பிலை வருது, மீனு வயித்துப் பக்கம் நெய்யா இருக்கு, காரம் கடைசியில ஏறுதுன்னு. தட்டு காலியாகுற வரைக்கும் நிறுத்துங்கன்னு அவ சொல்லல.

உன் மாமியார் கிட்ட நடந்ததைப் பக்குவமாச் சொல்லு, வேணும்னு செஞ்சதா நெனச்சிறக் கூடாது. டாக்டர் கிட்ட மறுபடி போகச் சொல்லி நீ அதட்டு, உன் பேச்சைத்தான் கேப்பா. நான் எழுதுனதைக் காட்டிக்கிறாத. நீங்க ரெண்டு பேரும் மக்கமாரோட நெடுநாள் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு
உன் அப்பா
காசிராஜன்