திரைக்குள் இருந்து அமெரிக்க இங்கிலீஷ்

1964 மார்ச் 2, திங்கள்

மிளகு நன்றாகக் காய்ந்துவிட்டது. அள்ளிக் கொட்டினால் கலகலவென்கிறது. இதையும் தரகர் ஜைனுதீன் ஈரம் என்பார்!

போன வருடம் அமெரிக்க வியாபாரி ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று சொன்னது எனக்கு விளங்கியது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கும் திரைக்குள்தான் நின்றேன். அந்நிய ஆண்களுக்கு முன்னால் நாங்கள் போவதில்லை. ஜைனுதீன் என் வீட்டுக்காரரிடம் அதைத் திருப்பி, "ஈரமாம் யாகூப் நானா, வெலையக் கொறைக்கச் சொல்றார்" என்றார். அமெரிக்கரிடம் முழு விலையை வாங்கிக்கொள்வார், குறைத்தது அவர் மடிக்குத்தான் போகும். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே இருந்தே பள்ளிக்கூட இங்கிலீஷில் குறுக்கிட்டேன். அமெரிக்கர் "பார்டன்? பார்டன்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். ஜைனுதீன் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது.

பிறகு இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தரகர் இல்லாம அந்த மனுஷனோட யாரு பேசுற?" என்றார்.

நான் பேசுவேன். அவருக்கு விளங்குகிற மாதிரியே பேசுவேன்.

மார்ச் 5, வியாழன்

காலையில் ரேடியோவில் அமெரிக்காக்காரரின் இங்கிலீஷ் பாடம் பிடிபட்டது. இன்று ஒரே ஓசையுள்ள சொற்கள். நிறைக்கும் வெயிட், காத்திருக்கவும் வெயிட். கேட்கிறதுக்கும் ஹியர், இங்கே என்பதற்கும் ஹியர்.

நான் நம்புவேனா? பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவள். அரபியில் ஸீனும் ஸாதும் மாறினால் ஓதலே கெட்டுப்போகும். இந்தச் சொற்களிலும் எழுத்து வேறென்றால் அது பிறக்கிற இடமும் வேறாகத்தானே இருக்க வேண்டும்? ஒரு வெயிட்டை உதட்டில் வைத்தேன். மற்றதைத் தொண்டைக்குள் இருந்து தோண்டி எடுத்தேன். ஓத வந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

மார்ச் 6

தொண்டை கட்டிவிட்டது. கொத்தமல்லித் தண்ணீர்.

மார்ச் 11, புதன்

பைத்தியக்காரி! ரேடியோவில் அந்த மனிதர் இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார். திரும்பவும் சொன்னார், அதே மாதிரி. ஒரு வாரம் வீணாகத் தொண்டையைக் கிழித்திருக்கிறேன்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. வாட்டர் என்று நாம் குத்துகிற இடத்தை அவர் நாக்கால் தட்டிவிட்டுப் போய்விடுகிறார். கடைசி ர் நாக்கைச் சுருட்டியபடியே நிற்கிறது, எங்கேயும் முட்டுவதில்லை. ஓதலில் அப்படி எழுத்து இல்லை. எங்கே தேடுவது என்று மிளகு புடைத்துக்கொண்டே வாயை உருட்டினேன். கடைசியில் நம்முடைய ழ கைகொடுத்தது! ழ-வைச் சொல்ல நாக்கை மடித்து, பாதியில் நிறுத்தினால் ஆயிற்று. ஹியழ். பெப்பழ்.

தனியாக இருந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். வந்துவிட்டது. வந்தேவிட்டது!

மார்ச் 15, ஞாயிறு

இவருடைய தம்பி நுஹ்மான் வந்தார். நான் அமெரிக்கரிடம் பேசப் பழகுவது எப்படியோ காதில் விழுந்திருக்கிறது.

"மதினிட சத்தம் அந்நிய ஆம்புளட காதுல விழலாமா, நானா?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"மரக்கறிக்காரன்ட்ட வெலை பேசுறது யாரு தம்பி? உங்கட வீட்டிலயும் பொம்பளதானே?" என்றேன்.

அவர் போய்விட்டார். இவர் தம்பியை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதுதான் பயமாக இருக்கிறது. நாளைக்கு நான் வாயைத் திறக்கும்போது "சும்மா இரு" என்றால்?

மார்ச் 19, வியாழன்

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அமெரிக்கர் வந்தார். பக்கத்தில் ஜைனுதீன். மிளகைக் கடித்தார், நன்றாகக் காய்ந்திருக்கிறது என்றார். ஜைனுதீன் இவர் பக்கம் திரும்பி, "இந்த முறையும் கொஞ்சம் ஈரந்தானாம்" என்றார். வெட்கமே இல்லை!

பிஸ்மி சொல்லிக்கொண்டு திரைக்குள் இருந்து பேசினேன். நீங்கள் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்றது எனக்குக் கேட்டது, தரகரோ என் புருஷனிடம் ஈரம் என்கிறார்; இங்கேயே, உங்கள் கண் முன்னாலேயே நிறுக்கிறோம், ஈரமென்றால் கனம் காட்டிவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். இரண்டு ஹியரும் வந்தன, இரண்டு வெயிட்டும் வந்தன.

ஒரு பார்டன்கூட இல்லை.

அமெரிக்கர் எழுந்தார். தன் கதிரையைத் தூக்கி, ஜைனுதீனுக்கு முதுகைக் காட்டி, திரையைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். சிகாகோவில் யாராவது சொந்தக்காரர் இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை, மாத்தளையில்தான் எல்லாரும் என்றேன்.

ஜைனுதீன் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இவர் திரைக்குப் பக்கத்தில் வந்து, "இன்னும் கேளு புள்ள, கராம்பும் வேணுமாண்டு கேளு" என்றார்.

மார்ச் 20, வெள்ளி

வேலை ஓடவில்லை. சும்மா சிரித்துக்கொண்டே திரிந்தேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

அமெரிக்கர் தனியாக வந்தார். கராம்புக்கு விலை கேட்டார். அதற்குள் லுஹர், மதியத் தொழுகைக்குப் பாங்கு. கடையில் ஆட்கள் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் எழுந்து, "நீ பேசி முடி, நான் தொழுதுட்டு வாறேன்" என்று செருப்பைப் போட்டார்.

"என்ன வெலை சொல்ல?" என்றேன்.

"உனக்குச் சரியாப் பட்டத" என்றபடி தெருவில் இறங்கிவிட்டார்.

நான் விலை சொன்னேன்.