சுபத்ரா அறையின் ஜன்னல்கள்

பிப்ரவரி 11, 2025

நான் என் மகளை அறையில் பூட்டி வைக்கவில்லை. பக்கத்து வீட்டு முருகலட்சுமி பால்காரர் தொடங்கி எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சுபத்ராவின் அறைக் கதவுக்கு வெளித் தாழ்ப்பாளே கிடையாது. நான் சாத்துவது ஜன்னல்களை. பந்தல்குடி ரோட்டில் கல் உடைக்கும் கிரஷர் வந்ததிலிருந்து ஜல்லி லாரிகள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகின்றன. அவளுக்கு வீசிங். நாற்பத்து நாலு வயது. மில்லில் கணக்கு எழுதப் போனபோது தொடங்கியது. வேலையை நான்தான் விடச் சொன்னேன். இன்னொரு முறை இப்படி மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நேரம் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதில் எது முருகலட்சுமிக்குத் தெரியும்?

பிப்ரவரி 13

காலையில் துடைத்த மேசை. மதியம் அதில் விரலால் பெயர் எழுதலாம். ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது. அவள் குளிக்கப் போனபோது மெழுகுவத்தி ஏற்றி ஜன்னல் சட்டத்தின் ஓரமாகக் கொண்டுபோனேன். சுடர் சாய்ந்தது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பூச்சு விட்டுப்போயிருக்கிறது.

பிப்ரவரி 17

அருப்புக்கோட்டை ஹார்டுவேர் கடையில், சந்து அடைக்க என்றதும் சிலிக்கான் டியூப்பை எடுத்து நீட்டினார்கள். எல்லாரும் இதைத்தான் வாங்குவார்களாம். எல்லாரும் எனக்குக் கணக்கில்லை. அட்டையில் கொஞ்சம் பிதுக்கச் சொன்னேன். காடிபோலப் புளித்த நெடி. இதையா அவள் தலைமாட்டில் பூசுவது? மேலே பெயின்ட் நிற்காது என்றும் அதில் அச்சிட்டிருக்கிறது. நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் மருந்துச் சீட்டைக்கூடக் கடைசி வரி வரை படிக்கவைப்பார்கள். அக்ரிலிக் கேட்டேன். வீட்டுக்குள் பூச அதுதான் சரி. நெடி குறைவு, பெயின்ட் பிடிக்கும். மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டுமாம்.

“வாங்காம விடமாட்டீக போல” என்றார் கடைக்காரர்.

வரவழையுங்கள் என்றேன்.

பிப்ரவரி 24

பெயின்டர் காளீஸ்வரன் வந்தார். உதிர்ந்த பூச்சைச் சுரண்டி, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மதுரையிலிருந்து வந்த அக்ரிலிக்கை நிறுத்தாமல் ஒரே கோடாகப் பிதுக்கி, ஈர விரலால் வழித்தார். ஓர் இடத்தில் மேடு தட்டியது, மறுபடி செய்யவைத்தேன். முகம் சுளிக்கவில்லை. சுபத்ரா ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூச்சு விட ஒரு ஓட்டையாவது விடும்மா” என்றாள்.

கேலி என்று நினைத்தேன்.

மார்ச் 3

உரிந்துவிட்டது. மூலையில் நகத்தை வைத்தேன், ரிப்பன்போல முழு நீளமும் கையோடு வந்தது. சுவரில் பிடித்திருக்கிறது; மரத்தில் பிடிக்கவே இல்லை. முகர்ந்தேன் — வேப்பெண்ணெய். கரையானுக்காகப் பொங்கலுக்கு முன் மரச் சட்டமெல்லாம் வேப்பெண்ணெய் பூசுவது இந்த வீட்டு வழக்கம். என் மாமியார் காலத்திலிருந்து ஒரு வருஷம் தவறியதில்லை. காளீஸ்வரனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“எங்க வீட்லயும் பூசுவோம்மா. எண்ணெய் மேல எது ஒட்டும்? ரெண்டு பேருக்கும் தோணல பாருங்க.”

மார்ச் 5

தின்னர் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் தேய்க்க வேண்டும். அந்த நெடியில் சுபத்ரா இருக்க முடியாது. மல்லாங்கிணற்றில் அவள் அத்தை ராமலட்சுமி வீட்டுக்குக் காரில் அனுப்பினேன். வேலை முடியும் வரைதான். அவள் இரண்டு பை எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 10

துடைத்த துணியில் மஞ்சள் வராமல் போகும் வரை துடைக்கவைத்தேன். நெடி போன பிறகு பூசியாகிவிட்டது. இந்த முறை நகத்துக்கு அசையவில்லை. ஆனால் மெழுகுவத்திச் சுடர் இன்னும் சாய்கிறது, இப்போது ஜன்னல் கதவுகள் சேரும் சந்தில். அங்கேயும் பூசச் சொன்னேன். காளீஸ்வரன் பிதுக்கும் கருவியைக் கீழே வைத்துவிட்டார்.

“அதுல பூசினா ஜன்னல் திறக்காதும்மா.”

திறக்க வேண்டாம் என்றுதானே. அவர் போன பிறகு நானே பூசினேன். கோடு கோணிவிட்டது.

மார்ச் 12

சுடர் அசையவில்லை.

மார்ச் 15

அவள் கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தேன். வெள்ளையாகவே இருக்கிறது. ஃபோன் செய்தேன். “வாரேன்மா” என்றாள்.

மார்ச் 22

“வாரேன்மா.”

மார்ச் 29

நானே மல்லாங்கிணற்றுக்குப் போனேன். நடுப்பகலில் சுபத்ரா தூங்கிக்கொண்டிருந்தாள், தலைக்கு மேலே ஜன்னல் விரியத் திறந்து கிடக்க. இன்ஹேலர் மாடத்தில் இருந்தது. “வந்ததுலருந்து அத எடுத்து நான் பாக்கல மதினி” என்றாள் ராமலட்சுமி, மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல். இங்கே கிரஷர் இல்லை, இருமல் இல்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுபத்ரா எழுந்து உட்கார்ந்தாள். அறை தயார், ஒரு பொட்டுத் தூசி இல்லை, கிளம்பு என்றேன்.

“அங்க எனக்குத் தூசியால மட்டும் மூச்சு முட்டலம்மா.”

காபி குடிக்காமல் வந்துவிட்டேன்.

என்ன பேச்சு இது? நான் என்ன பண்ணேன் — பூட்டியா வச்சேன்? இவளுக்காகத்தானே இந்த வயசுல முட்டி போட்டு உக்காந்து பூசுனேன்? அத்தைகிட்ட சொல்லத் தெரியுது, எங்கிட்ட —

ஏப்ரல் 2

மகளைக் காணோமே என்று முருகலட்சுமி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். ‘எப்போது வருவாள்’ என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 9

அவளுக்கு அனுப்ப வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சுபத்ரா, உன் அறையில் இப்போதும் தூசி இல்லை. கிழக்கு ஜன்னலின் கதவுச் சந்தில் நான் பூசியதைக் கத்தியால் அறுத்தால் ஜன்னல் திறக்கும் என்று காளீஸ்வரன் சொல்கிறார். திறந்தால் லாரித் தூசி வரும். அறுக்கச் சொல்லட்டுமா, வேண்டாமா? ஃபோனில் சொல்லாதே, ஃபோனில் நீ எல்லாவற்றுக்கும் வாரேன் என்றுதான் சொல்கிறாய். ஒரு போஸ்ட் கார்டில் எழுதிப் போடு.