பதின்மூன்று செவ்வாய்

சேசு மரி சூசை துணை

கூத்தங்குழி,
நவம்பர் 18

அன்புள்ள ரெனிஷா அப்பாவுக்கு,

கிறிஸ்டி எழுதுவது. வீடும் கூரையும் நலம். ஆட்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்காதீர்கள். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறாள். நம் தெருப் பையன் பெனிட்டோ வெள்ளிக்கிழமை புறப்பட்டு உங்கள் கப்பலில் வேலைக்கு ஏறுகிறானாம். அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

தண்ணீர்த் தொட்டி விரிசலைக் கொத்தனார் பூசிவிட்டார், ஆனாலும் ஒழுகுகிறது. உங்கள் தங்கை ஜெர்லினுக்கு இது ஆறாம் மாதம். புளி இல்லாமல் சோறு இறங்கவில்லையாம்.

இனி விஷயம். போன வருஷம் ஜப்பானில் இறங்கியபோது கையில் வைத்து விளையாடுகிற வீடியோ கேம் வாங்கி வந்தீர்களே, ஊதா முடிக்காரி பாடுவாளே, அதுதான். தாளத்தோடு வட்டமும் முக்கோணமும் வரும், அந்தந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், நிறையத் தவறினால் பாட்டு பாதியில் நின்றுவிடும். அது கம்ப்யூட்டர் செய்த பாடகி, எவ்வளவு பாடினாலும் மூச்சு வாங்காது என்று ரெனிஷா எனக்குப் பாடம் எடுத்தாள். தசை நோயில் இரண்டு காலும் விழுந்த பிறகு அவள் ஓடியாடியதெல்லாம் அதில்தான்.

ஜூலையில் அவள் கட்டைவிரல் நடுங்க ஆரம்பித்தது. விளையாடி விளையாடித்தான் கை தேய்கிறது என்று எனக்குப் பட்டது. யாரிடமும் கேட்கவில்லை. உவரி அந்தோனியார் கோயிலுக்குப் பதின்மூன்று செவ்வாய் வருவதாக நேர்ந்துகொண்டேன். அது முடியும்வரை பிள்ளை அந்த கேமைத் தொடமாட்டாள் என்று வாக்குக் கொடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டினேன். நீங்கள் கேட்டபோது சார்ஜர் கெட்டுப்போச்சு என்று சொன்னது பொய். அவள் அழவில்லை. பதிமூணு வாரந்தானம்மா என்றாள். மூன்றாம் வாரம் போர்வைமேல் விரலால் தாளம் தட்டினாள். அதையும் செய்யாதே, நேர்ச்சை முறிந்துபோகும் என்று அதட்டினேன். நிறுத்திவிட்டாள். பாவி, நான் அதட்டினேன்.

கடைசிச் செவ்வாய் பூசை கண்டுவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓட்டமாக வந்து கேமை எடுத்துக் கொடுத்தேன். விரல் பொத்தான்மேல் உட்கார்ந்தது, அமுக்க முடியவில்லை. இரண்டு வரியில் பாட்டு நின்றது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வண்ணார்பேட்டை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. விரல் எப்படியும் போகிறதுதான், போகிறவரைக்கும் விளையாட விட்டிருக்கலாம் என்றார். போனது திரும்பாதாம். அடுத்தது நெஞ்சுத் தசையாம். எத்தனை நாள் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இப்போது கேமை மடியில் வைத்து நான் அமுக்குகிறேன். எந்தப் பொத்தான் என்று அவள் சொல்கிறாள். வலை பின்னிய விரல் என்று பெயர்தான், இதுவரை ஒரு பாட்டையும் நான் முடித்ததில்லை. நீங்கள் லீவில் இருந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து அந்த நீளப் பாட்டை முடித்துவிட்டுக் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மரியம்மாள் அக்கா ஓடி வந்தார்களே, அந்தப் பாட்டில்தான் நிற்கிறோம். நேற்று சொல்கிறாள்: "நீ பைய அமுக்குதம்மா. அப்பா வந்தாவன்னா முடிச்சிருவாவ." இவ்வளவு சொல்வதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

ஒப்பந்தம் ஏப்ரல்வரை என்று எனக்கும் தெரியும். கேப்டன் காலில் விழுந்தாவது கிறிஸ்மஸுக்கு வாருங்கள். என்னைத் திட்ட வேண்டியதை வந்து திட்டுங்கள்.

அந்தோனியார் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். வேறு எதுவும் அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பொத்தான் அமுக்க நீங்கள் இருக்கிறீர்கள். எது என்று சொல்ல அவளுக்கு மூச்சு இருக்கும்போதே வந்துவிடுங்கள்.

உங்கள்
கிறிஸ்டி